மூன்று முறை வடித்த எண்ணெய்

பிரகதாம்பாள் டீச்சர் எதையும் புத்தகத்தில் போட்டபடிதான் செய்வார். ஐந்தாம் வகுப்பில் நான் அவரிடம் படித்தவன். பிரம்பால் அடி வாங்கியும் இருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கண்டிப்பு முழுக்கக் காரின் மேல் திரும்பிவிட்டது. வண்டியோடு வந்த கையேட்டுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, எந்தக் கிலோமீட்டரில் எதை மாற்ற வேண்டும் என்று சிவப்பு மையில் கோடு போட்டு வைத்திருப்பார். இடது முட்டியில் அறுவை சிகிச்சை ஆகி கிளட்ச் மிதிக்க முடியாமல் போனதால் வாங்கிய வெள்ளை ஆட்டோமேட்டிக் வண்டி அது.

கார்த்திகைக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் முக்கால் மணி நேரம் நின்ற எரிச்சலோடு என் பட்டறைக்குள் வண்டியை விட்டார்.

"மருதையா, அறுபதாயிரம் ஆயிடுச்சு. கியர் ஆயில் மாத்தணும்னு போட்டிருக்கு."

"இந்த ஊர்ல ஆட்டோமேட்டிக் வச்சிருக்கவங்க கியர் பாக்ஸ் செத்தப்புறம்தான் டீச்சர் வருவாங்க. ஆயில் மாத்தணும்னு யாரும் வந்ததில்ல."

"செத்தப்புறம் வந்து என்ன பண்றது? இப்ப மாத்து. ரெண்டு நாளா கியர் மாறும்போது ஒரு குலுக்கு குலுக்குது."

சரி என்றேன். ஆனால் அந்த வீட்டு வண்டியைத் தொட எனக்குக் கை கூசியது. அதற்குக் காரணம் டீச்சர் இல்லை, டீச்சரின் வீட்டுக்காரர் துரைராசு.

துரைராசுவை ஊரில் யாரும் பெயர் சொல்வதில்லை, 'ஒன்றியம்' என்பார்கள். கட்சியில் ஒன்றியப் பொறுப்பு. ஆட்சி மாறினால் அவருடைய வேட்டிக் கரையின் நிறம் மாறும், ஆள் மட்டும் அங்கேயே இருப்பார். அவருக்கு நாற்பது ஏக்கர். அவர் அப்பா காலத்தில் இன்னும் அதிகம் இருந்தது. நில உச்சவரம்பில் கை மீறிப் போன உபரி நிலத்தைத்தான் எங்கள் கீழத்தெருவில் நாற்பத்திரண்டு குடும்பத்துக்கு ஆளுக்கு மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் என்று பட்டா போட்டுக் கொடுத்தார்கள். எங்கள் ஆட்கள் அவர்களுடைய வயலில் கூலிக்கு அறுத்தவர்கள். அதே வயல் எங்கள் பெயரில் சிட்டாவில் ஏறியதை அந்தக் குடும்பம் இன்றுவரை மறக்கவில்லை. நாங்களும் மறக்கவில்லை என்பது வேறு விஷயம்.

எங்கள் வயல் பள்ளத்தில், அவருடையது மேட்டில். நடுவில் ஒரு வடிகால், அதற்கு ஒரு கரை. இந்த மழையில் அவருடைய சம்பாப் பயிர் நான்கு நாள் தண்ணீரில் நின்றது. ஐந்தாம் நாள் விடிந்தபோது கரை பத்தடி நீளத்துக்கு வெட்டுப்பட்டுக் கிடந்தது. அவர் வயல் மதியத்துக்குள் வடிந்துவிட்டது. நாற்பத்திரண்டு குடும்பத்துப் பயிரும் முழுகிப் போனது. தூர் கட்டிக்கொண்டிருந்த பயிர். தண்ணீர் வற்றியபோது வயல் முழுக்க அழுகிய நாற்றம்தான்.

என் தங்கை அம்சத்தின் புருஷன் அரசப்பன் அன்று விடியற்காலையில் மீன் வலையைப் பார்க்கக் கரைப்பக்கம் போயிருக்கிறான். வெட்டு வாய்க்குப் பக்கத்தில் ஒரு பொக்லைன் நின்றதையும், தண்ணீரில் ஒரு வெள்ளைக் கார் சிக்கி நின்றதையும், அதை டிராக்டரில் கயிறு கட்டி இழுத்ததையும் பார்த்திருக்கிறான். ஒன்றியத்தின் கார் என்று ஊர் முழுக்கச் சொன்னான். ஆட்களைத் திரட்டிச் சாலை மறியலும் செய்தான். மூன்றாம் நாள் போலீஸ் வந்தது. நிவாரணம் வாங்குவதற்காகக் கரையை வெட்டியவனே அரசப்பன்தான் என்று வழக்குப் போட்டுக் கிளைச்சிறையில் அடைத்துவிட்டார்கள். தன் வயலைத் தானே மூழ்கடித்தானாம்! இதைக் கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஸ்பானரைத் தூக்கி யார் மேலாவது எறிந்திருப்பேன்.

ஒன்றியமோ, தான் அன்றைக்குக் கட்சி வேலையாகத் தஞ்சாவூரில் இருந்ததாகவும், கார் வீட்டு ஷெட்டை விட்டு அந்த வாரம் முழுக்க நகரவே இல்லை என்றும் கோட்டாட்சியரிடம் எழுதிக் கொடுத்துவிட்டார். வியாழக்கிழமை நேரில் விசாரணை. அரசப்பன் சொல்வதற்கு அவன் கண்ணைத் தவிர வேறு சாட்சி இல்லை.

இவ்வளவும் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கத்தான் வண்டியைத் தூக்கி நிறுத்தி அடியில் படுத்தேன். டீச்சர் பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வேலை நடக்கும்போது கூடவே இருக்க வேண்டும் அவருக்கு.

அறுபதாயிரம் ஓடிய கியர் ஆயில் கருஞ்சிவப்பாக வர வேண்டும், கொஞ்சம் தீய்ந்த வாடையோடு. அடிமூடியின் போல்ட்டைக் கழற்றியதும் பேசினில் விழுந்தது ரோஸ் மில்க். கடையில் விற்பார்களே, அதே நிறம், அதே நுரை. நான் படுத்த வாக்கிலேயே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் தொட்டு விரலில் தேய்த்தேன். வழவழப்பே இல்லை.

"என்னடா அது?" என்றார் டீச்சர்.

வெளியே வந்து பேசினை அவர் முன்னால் வைத்தேன்.

"தண்ணி, டீச்சர். கியர் பாக்ஸ் மேல காத்து போக ஒரு சின்னக் குழாய் இருக்கு. அது முழுகுற அளவுக்கு வண்டி தண்ணில நின்னா அது வழியா உள்ள இறங்கிடும். ரோட்டுல தேங்குற மழைத்தண்ணிக்கு இப்படி ஆகாது. சக்கரம் மறையணும்."

"இது எப்ப ஆயிருக்கும்?"

"ரொம்ப நாள் ஆயிருந்தா உள்ள தகடெல்லாம் உரிஞ்சு வண்டி நகராது. நீங்க இப்பதான் குலுக்குதுங்கறீங்க. ஒரு பதினஞ்சு இருபது நாளைக்குள்ள."

அவர் கணக்கு வாத்தியார். அவருக்கு நான் கூட்டிக் காட்ட வேண்டியதில்லை. கரை வெட்டுப்பட்ட வாரம் அவர் வலங்கைமானில் தங்கை வீட்டில் இருந்தார். சாவி வீட்டில் இருந்தது. திரும்பி வந்தபோது வண்டிக்குள் சாம்பிராணி வாசனை அடித்ததாகவும், சீட்டெல்லாம் கழுவி வெயிலில் காயவைத்தது போலிருந்ததாகவும், கேட்டதற்கு 'உனக்காகத்தான் சுத்தம் பண்ணி வச்சேன்' என்று வீட்டுக்காரர் சொன்னதாகவும் என்னிடம் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. சீட்டைக் கழுவியவர்கள், கம்பளத்தை உதறியவர்கள், கியர் பாக்ஸை மட்டும் மறந்துவிட்டார்கள். இந்த ஊரில் அந்த எண்ணெயை மாற்றுகிற வழக்கமே இல்லை என்பதால் அது யாருக்கும் நினைவுக்கு வந்திருக்காது.

"இதைச் சுத்தம் பண்ண முடியுமா?"

"ஒரு தடவை வடிச்சா பாதிகூட வராது டீச்சர். மீதி உள்ளயே தங்கிக்கும். புது ஆயில் ஊத்தி, ஓட்டி, திரும்ப வடிக்கணும். மூணு தடவை."

"பண்ணு." கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பினார். "முதல்ல வடிச்சது இருக்கு பாரு, அதைக் கீழ ஊத்திடாதே. பத்திரமா வை. வியாழக்கிழமை நான் விசாரணைக்கு வர்றேன்."

"டீச்சர், அவரு உங்க..."

"எனக்குத் தெரியும் யாருன்னு" என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடிக்கப் போய்விட்டார்.

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வெட்கப்பட ஒன்றுமில்லை, வந்தது. ஐந்து லிட்டர் வெள்ளை கேனைக் கழுவித் துடைத்து அந்த எண்ணெயை அதில் ஊற்றி மூடினேன். அரசப்பன் பார்த்தது பொய் இல்லை என்று அந்தக் கேன் சொல்லும். அதற்கு ஜாதி இல்லை, கட்சி இல்லை, மிரட்டினாலும் பேச்சு மாறாது. அப்படியெல்லாம் நினைத்துக்கொண்டு புது ஆயிலை ஊற்றினேன். என்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியராகப் போட்டு எடுத்து, மன்னார்குடி சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டி வந்து மறுபடி வடித்தேன். இரண்டாவது முறை வெளிர் ரோஸ்.

மூன்றாவதுக்கு ஆயில் டின்னைத் திறக்கும்போது ஒன்றியம் வந்தார். தனியாக, ஸ்கூட்டரில். அப்படி நான் அவரைப் பார்த்ததே இல்லை. வண்டி என் பட்டறையில் நிற்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். வந்தவர் பேசினைப் பார்த்தார், கேனைப் பார்த்தார், பிறகு ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார். வெள்ளை வேட்டியில் கிரீஸ் ஒட்டுமே என்றுகூடப் பார்க்கவில்லை.

"தம்பி," என்றார். அவர் அப்பா என் அப்பாவை 'டேய்' என்றுதான் கூப்பிடுவார். இவருக்கு நாங்கள் தம்பி. ஓட்டு வாங்க ஆரம்பித்த பிறகு வந்த மரியாதை. "டீச்சர் என்ன சொன்னாங்க?"

"ஆயில் மாத்தச் சொன்னாங்க."

"மறைக்காத. நான் சண்டைக்கு வரல." வேர்த்திருந்தது அவருக்கு. "நாற்பது ஏக்கர் தம்பி. நாலு நாளா தண்ணி. கண்ணு முன்னால அழுகுது. நீயா இருந்தா என்ன செய்வ?"

"எங்க நாற்பத்திரண்டு குடும்பமும் கண்ணு முன்னாலதானே அழுகிப் போச்சு."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு குரல் மாறியது. கட்சி ஆபீஸில் பஞ்சாயத்துப் பேசுகிற குரல்.

"ஒண்ணு சொல்றேன் கேளு. உன் தங்கச்சி புருஷன் திங்கக்கிழமை வெளிய வந்துடுவான். ஜாமீன்ல இல்ல, கேஸே இருக்காது. கரை மழையில தானா உடைஞ்சதுன்னு எழுதிடச் சொல்றேன். அவனும் வெட்டல, நானும் வெட்டல. யாருக்கும் கெடுதல் இல்ல. அந்தக் கேன் மட்டும் இருக்கக் கூடாது. வண்டி சுத்தமா இருக்கணும்."

"இல்லேன்னா?"

"இல்லேன்னா நான் ஒண்ணும் பண்ண வேணாம் தம்பி. மறியல்ல பஸ் கண்ணாடி உடைஞ்சுதில்ல? அந்தக் கேஸ்ல இன்னும் யார் பேரையும் போடல. ரெண்டு வருஷம் இழுக்கும். அம்சத்துக்கு ரெண்டும் பொட்டப் புள்ள, இல்ல?"

அவர் போன பிறகு நான் அரை மணி நேரம் சும்மா நின்றேன். முந்தின நாள்தான் கிளைச்சிறை வாசலில் அம்சம் என் கையைப் பிடித்துக்கொண்டு, எப்படியாவது கொண்டுவந்து விட்டுடுண்ணே என்று அழுதிருந்தாள். அதுதான் காரணம் என்று வெகு நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. அவர் டயரின் மேல் உட்கார்ந்திருந்தபோதுகூட நான் நின்றுகொண்டுதான் பேசினேன், கையைக் கட்டிக்கொண்டு. எனக்கு அவரிடம் பயம். என் அப்பாவிடமிருந்து வந்தது, நாற்பது வயதிலும் போகவில்லை.

கேனைக் கழிவெண்ணெய் பீப்பாயில் கவிழ்த்தேன். இரண்டாவது வடித்ததையும் அதிலேயே ஊற்றினேன். பிறகு மூன்றாவது தடவைக்கு ஊற்றி, ஓட்டி, வடித்தேன். மாதுளம்பழச் சாறு போலச் சுத்தமான சிவப்பு. கடைசியாக ஊற்றிய ஆயிலை, என்ஜின் சூட்டில் ஓடும்போதே கம்பியை எடுத்து அளவு பார்த்தேன், ஒரு இம்மி கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. சாயங்காலம் ஒன்றியத்தின் ஆள் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

புதன்கிழமை முழுக்க டீச்சருக்குப் போன் போட வேண்டும் என்று போனைக் கையில் எடுப்பேன், வைத்துவிடுவேன். போட்டிருந்தால் அவர் விசாரணைக்கு வராமலாவது இருந்திருப்பார்.

வியாழக்கிழமை சமுதாயக் கூடத்தில் விசாரணை. கீழத்தெரு முழுக்கத் திரண்டு வந்திருந்தது. கோட்டாட்சியர் சின்ன வயசுக்காரர், அடங்கலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றியம் தன் வாக்குமூலத்தைத் திரும்பச் சொன்னார். கார் ஷெட்டை விட்டு நகரவில்லை. அவர் பக்கத்தில் அவருடைய வக்கீல். வேறு யாருக்காவது சொல்ல ஏதாவது உண்டா என்று கோட்டாட்சியர் கேட்டார். பின்வரிசையில் பிரகதாம்பாள் டீச்சர் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"நான் அவர் சம்சாரம். அவர் சொல்றது உண்மையில்ல. அந்த வாரம் கார் வெளிய போயிருக்கு. சக்கரம் முழுகுற தண்ணில நின்னிருக்கு."

ஒன்றியம் மனைவியைத் திரும்பிப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"நீங்க பாத்தீங்களாம்மா?"

"நான் ஊர்ல இல்ல. ஆனா செவ்வாய்க்கிழமை கியர் ஆயில் மாத்தும்போது அதுல தண்ணி கலந்து வந்துச்சு. என் கண்ணால பாத்தேன். அந்த ஆயில் மெக்கானிக் மருதையன்கிட்ட பத்திரமா இருக்கு." எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று தேடிக் கையை நீட்டினார். "அதோ இருக்கான். அரசப்பனுக்கு மச்சான்தான். கேளுங்க."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். என் தெரு முழுக்க. கோட்டாட்சியர் ஆயில் எங்கே என்று கேட்டார். இப்போது இல்லை என்றேன். வக்கீல் சிரித்துக்கொண்டே எழுந்து, வண்டி வெளியே நிற்கிறது, இவரையே திறந்து பார்க்கச் சொல்லுங்கள், ஊர் பார்க்கட்டும் என்றார்.

எல்லோரும் சுற்றி நிற்க, புழுதியில் படுத்து நானே போல்ட்டைத் தளர்த்தினேன். ஒரு டம்ளர் பிடித்து வெளியே நீட்டினேன். வெயிலில் அந்தச் சிவப்பு பளபளத்தது.

"இதுல தண்ணி இருக்கா?"

"இல்லைங்க சார்."

"செவ்வாய்க்கிழமை வடிச்சதுல இருந்துதா?"

டீச்சர் என் முன்னால் வந்து நின்றார். "மருதையா, சொல்லு" என்றார். பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்தும் வாய் திறக்காமல் நிற்பவனிடம் அப்படித்தான் சொல்வார், அடிப்பதற்கு முன்னால் ஒரு சந்தர்ப்பம் கொடுத்து.

"இல்லைங்க சார்" என்றேன்.

முதல் 'இல்லை' உண்மை. இரண்டாவதைச் சொன்னபோது என் நாக்கு தடுமாறக்கூட இல்லை. இரண்டையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். குடும்பச் சண்டையில் அந்த அம்மா ஏதோ சொல்கிறார்கள் என்று வக்கீல் அனுதாபமாகப் பேசினார். டீச்சர் தன் கைப்பையிலிருந்த மாற்றுக் கார் சாவியைக் கோட்டாட்சியரின் மேஜை மேல் வைத்துவிட்டு, நொண்டி நொண்டி நடந்து போய் வலங்கைமான் பஸ்ஸில் ஏறினார். அதற்குப் பிறகு அவர் அந்த வீட்டுக்கு வரவில்லை.

ஒன்றியம் வாக்குத் தவறவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். மழையில் கரை தானாக உடைந்தது என்று ஒரு அதிகாரி எழுதினார். திங்கட்கிழமை அரசப்பன் வெளியே வந்தான். இளைத்துப் போயிருந்தான், தாடி வேறு. அம்சம் விரால் மீன் வாங்கிக் குழம்பு வைத்து என்னையும் சாப்பிடக் கூப்பிட்டாள். பிள்ளைகள் இரண்டும் அப்பனின் மடியை விட்டு இறங்கவில்லை. அதைப் பார்த்தபோது, செய்தது சரிதான் என்றுகூட ஒரு நிமிஷம் எனக்குத் தோன்றியது.

முதல் வாய் வைப்பதற்கு முன்னால் அரசப்பன் கேட்டான். "டீச்சரம்மா எழுந்து நின்னு சொன்னாங்களாமே. அப்புறம் அந்தச் சாட்சி ஏன் மச்சான் நிக்காமப் போச்சு?"

நான் செய்ததைத் தெருவில் யாரும் அவனிடம் சொல்லியிருக்கவில்லை. நான் சொல்வேன் என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. சொன்னேன். கேன், டயர், பீப்பாய், இரண்டு 'இல்லை', எல்லாவற்றையும். உனக்காகத்தான் மாப்ளே, அம்சத்துக்காகத்தான் என்றும் சொன்னேன்.

அரசப்பன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். படவில்லை. பிள்ளைகளை மடியிலிருந்து இறக்கிவிட்டான். கையைச் செம்புத் தண்ணீரில் கழுவிக்கொண்டான்.

"தானா உடைஞ்சதுன்னு எழுதிட்டாங்கல்ல மச்சான்? இனி அவரு விடியறதுக்குள்ள ஒளிஞ்சு வர வேணாம். பட்டப்பகல்லயே வரலாம். வருசா வருசம் தானா உடையும்."

எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயல் பக்கம் நடந்தான். என் இலைக்குச் சோறு போட வந்த அம்சம், கரண்டியோடு அப்படியே நின்றாள். அவளுடைய மூன்று மாவும் அந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் சோற்றைத் திரும்பப் பானையிலேயே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.